சிஸ்டைன் விதானம் கண் மட்டத்தில்: நகல் கண்காட்சிக்குப் போகலாமா?

கேள்வி இது: வாட்டிக்கனில் உள்ள சிஸ்டைன் சேப்பல் என்ற வழிபாட்டுக் கூடத்தில் மைக்கேலாஞ்சலோ வரைந்த விதான ஓவியங்களை ஏறக்குறைய அசல் அளவில் நகலெடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோகும் கண்காட்சி எங்கள் நகரத்துக்கு வருகிறது. வீட்டில் நான்கு பேர், டிக்கெட்டும் மலிவில்லை. எல்லாமே பிரிண்ட்தான் என்கிறார்கள். போகலாமா, இல்லை அந்தக் காசைச் சேர்த்துவைத்து என்றாவது ரோமுக்கே போய்விடலாமா? போனால் எதைப் பார்க்க வேண்டும்?

போகலாம். ஆனால் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். சும்மா போனால் அரை மணி நேரத்தில் வெளியே வந்து "பெரிய பெரிய போஸ்டர் மாட்டியிருக்கிறார்கள்" என்றுதான் சொல்லத் தோன்றும். ரோமில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது, அதுதான் கிட்டம். ரோமில் மட்டுமே கிடைக்கிற ஒன்று இங்கே அடியோடு இல்லை, அதுதான் அந்தக் கட்டடம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் டிக்கெட் காசு வீணாகாது.

முதலில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று தெளிவாக்கிவிடுகிறேன். சிஸ்டைன் சேப்பல் பெயரில் சுற்றும் கண்காட்சிகளில் அதிகம் பேசப்படுவதைத் தயாரித்தது ஒரு தனியார் நிறுவனம். 2015-ல் மான்ட்ரியலில் காட்டினார்கள், அடுத்த ஆண்டு டல்லஸ், 2017 கோடையில் நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் ஆக்குலஸ் கூடம், அப்புறம் வரிசையாகப் பல நகரங்கள். ஆஸ்திரிய நாட்டுப் புகைப்படக் கலைஞர் எரிக் லெஸ்ஸிங் எடுத்த படங்களுக்கு உரிமம் வாங்கி, அவற்றைப் பெரிதாக்கி அச்சிட்டு, 34 ஓவியங்களாகத் தொங்கவிடுகிறார்கள். யாரும் தூரிகையைத் தொடவில்லை. ஆகவே நீங்கள் பார்ப்பது ஓவியத்தின் நகல் என்பதைவிட, ஓவியத்தைப் பற்றிய நல்ல புகைப்படம் என்பதே சரி. இதில் கேவலம் எதுவும் இல்லை. கலை வரலாறு படிக்கிற எல்லோரும் பெரும்பாலான ஓவியங்களைப் புகைப்படத்தில்தான் முதலில் பார்க்கிறார்கள், அதுவும் உள்ளங்கை அளவில்.

இனி அசலின் நிலைமை. சேப்பல் சுமார் 40 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம். விதானம் தரையிலிருந்து ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது ஆறு மாடிக்கு மேல். வாட்டிக்கன் அருங்காட்சியகத்துக்கு ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் கடைசியில் வந்து சேர்வது இந்த ஒரு அறைக்குத்தான். புகைப்படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. காவலர்கள் சில நிமிடத்துக்கு ஒரு முறை அதட்டுவார்கள், அந்த அதட்டல்தான் அறையிலேயே பெரிய சத்தம். பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும், தோளில் யாராவது இடிப்பார்கள். கடவுளின் விரலை நோக்கி நீளும் ஆதாமின் விரலைத் தேடிக் கண்டுபிடித்ததுமே பாதிப் பேர் வாசலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அசலை நேரில் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று நான் தைரியமாகச் சொல்வேன்.

கண்காட்சியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. படம் உங்கள் முன்னால் ஓரிரு அடி தூரத்தில் நிற்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், பேசலாம், பெரும்பாலும் படமும் எடுக்கலாம்.

ஆனால் விதானம் என்பது தனித்தனிப் படங்களின் தொகுப்பு அல்ல. கண்காட்சியின் பெரிய குறை இதுதான், அங்கே மாட்டியிருக்கும் விளக்கப் பலகை எதனாலும் இதை ஈடுகட்ட முடியாது. 1508-ல் போப் இரண்டாம் ஜூலியஸ் இந்த வேலையைக் கொடுத்தபோது விதானத்தில் நீல வானமும் பொன் நட்சத்திரங்களும் இருந்தன. முதலில் பேசிக்கொண்டது இயேசுவின் சீடர்களான பன்னிரண்டு அப்போஸ்தலர்களை வரைவது என்றுதான். மைக்கேலாஞ்சலோ அதை விட்டுவிட்டு, விதானம் முழுக்க ஒரு பொய்க் கட்டடத்தையே வரைந்தார். தூண்கள், விளிம்புகள், பீடங்கள், வளைவுகள் என்று பளிங்கு வேலைப்பாடு போலத் தெரிவதெல்லாம் வெறும் வண்ணம். அந்தப் பொய்க் கட்டடத்துக்குள்தான் ஒவ்வொருவருக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நடுவில் நீளவாக்கில் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்திலிருந்து ஒன்பது காட்சிகள். இரு பக்கமும், இரண்டு முனைகளிலும் ஏழு தீர்க்கதரிசிகள், ஐந்து சிபில்கள் என்ற குறிசொல்லும் பெண்கள். நடுக் காட்சிகளின் மூலைகளில் நிர்வாண இளைஞர்கள் இருபது பேர். கீழே, சன்னல்களுக்கு மேலுள்ள முக்கோணங்களிலும் அரைவட்டங்களிலும் இயேசுவின் மூதாதையர். அறையின் நான்கு மூலைகளில் தாவீதும் கோலியாத்தும் போன்ற நான்கு மீட்புக் கதைகள்.

இதைத் துண்டு துண்டாக வெட்டிச் சுவரில் மாட்டும்போது யாருக்கு மேலே யார், யாருக்குப் பக்கத்தில் யார் என்பது போய்விடுகிறது. அதனால் போவதற்கு முன் விதானத்தின் முழு வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தின் முன்னால் நிற்கும்போதும் அது மேலே எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

தீர்க்கதரிசிகளில் ஒருவரான யோனாவை வைத்து இதைச் சொன்னால் சட்டென்று புரியும். பலிபீடத்துக்கு நேர் மேலே, மீனோடு உட்கார்ந்திருப்பவர் அவர். அந்த இடத்தில் சுவர் மேலே போகப் போக உள்பக்கமாக, நம்மை நோக்கி வளைந்து வருகிறது. ஆனால் யோனாவோ பின்னால் சாய்ந்து மல்லாந்து வானத்தைப் பார்க்கிறார். நம்மை நோக்கி முன்னே வரும் பரப்பில், நம்மை விட்டு விலகிச் சாயும் உடம்பு! மைக்கேலாஞ்சலோ உயிரோடிருந்த காலத்திலேயே அவர் வரலாற்றை எழுதியவர்கள் இதைப் பார்த்து வியந்து எழுதினார்கள். தட்டையான திரையில் யோனா வெறுமனே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞர்தான். வித்தை முழுக்க அந்த வளைவில் இருக்கிறது, வளைவு கண்காட்சியில் இல்லை.

காட்சிகளின் வரிசையிலும் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. கதை பலிபீடத்தின் பக்கம் தொடங்குகிறது. இருளும் ஒளியும் பிரிவது, சூரியனும் சந்திரனும், நிலமும் நீரும், ஆதாம், ஏவாள், ஏதேனிலிருந்து துரத்தப்படுவது, கடைசியில் நோவாவின் மூன்று காட்சிகள். ஆனால் மைக்கேலாஞ்சலோ வேலையைத் தொடங்கியது நோவா இருக்கும் வாசல் பக்கத்திலிருந்து. அதாவது கதையின் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி வரைந்துகொண்டு போனார். 1511 ஆகஸ்டில் முதல் பாதி முடிந்து சாரத்தைப் பிரித்தபோதுதான் தரையிலிருந்து அது எப்படித் தெரிகிறது என்று அவரால் பார்க்க முடிந்தது. அதற்கப்புறம் வரைந்தவற்றில் உருவங்கள் பெரிதாகின்றன, ஆட்கள் குறைகிறார்கள், பின்னணி கிட்டத்தட்டக் காலியாகிறது. பெருவெள்ளக் காட்சியில் கூட்டம் நெரிகிறது: மலையில் ஏறுகிறவர்கள், மரத்தில் தொங்குகிறவர்கள், கவிழும் படகில் அடித்துக்கொள்கிறவர்கள். ஆதாமின் காட்சியில் ஆதாம், எதிரே கடவுளும் அவரைச் சூழ்ந்தவர்களும், நடுவே வெற்றிடம், அவ்வளவுதான். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நேரில் இதைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், இங்கே நாலு எட்டு நடந்தால் போதும்.

சரி, கிட்டம் கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன பார்ப்பது?

ஃபிரெஸ்கோ என்பது ஈரமான சுண்ணாம்புப் பூச்சின் மேல், அது காய்வதற்குள் வரைவது. நீரில் கரைத்த வண்ணத்தைச் சுண்ணாம்பு உறிஞ்சிக்கொண்டு இறுகிவிடும், வண்ணம் சுவரின் பகுதியாகவே ஆகிவிடும். ஆகவே ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும்தான் காலையில் பூச்சு பூசுவார்கள். மறுநாள் பூச்சு அதன் விளிம்பை ஒட்டித் தொடங்கும். ஒவ்வொரு நாளின் எல்லையும் மெல்லிய தையல் போல உருவங்களின் ஓரமாக ஓடும். தரையிலிருந்து இது கண்ணுக்குத் தெரியாது, நல்ல புகைப்படத்தில் தெரியும். ஆதாமின் படைப்புக்கு 16 நாள் பூச்சு ஆனது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கடைசியாக வந்த இருளும் ஒளியும் பிரியும் காட்சிக்கு ஒரே நாள். இரண்டாம் பாதி வேலைக்குள்ளேயே ஒரு மனிதனின் கை எவ்வளவு துணிந்துவிட்டது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். அந்த ஒரு நாள் படத்தின் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். மேகத்துக்குள் சுழலும் கடவுளை நேர் கீழேயிருந்து பார்க்கும் கோணத்தில் வரைந்திருக்கிறார். ஆதாமின் முன்னால் கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது இதன் முன்னால் யாருமே இருக்க மாட்டார்கள்.

அடுத்து, கோடுகள். முழு அளவில் தாளில் வரைந்ததைச் சுவருக்கு மாற்றுவதற்கு இரண்டு வழி. தாளில் ஊசித்துளை போட்டுக் கரித்தூளைத் தட்டினால் பூச்சில் புள்ளிகள் விழும். அல்லது கோட்டின் மேலேயே கூரான கம்பியால் அழுத்தி இழுத்தால் ஈரப் பூச்சில் கீறல் விழும். முதல் வழி மெதுவானது, நுணுக்கமானது. இரண்டாவது வேகமானது. தொடக்கக் காலப் பகுதிகளில் புள்ளிகள் அதிகம், போகப் போகக் கீறல்கள் அதிகம். மூதாதையர் இருக்கும் அரைவட்டங்களில் தாளே இல்லாமல் நேராகச் சுவரில் வரைந்திருக்கிறார். அச்சில் கீறல் பள்ளமாகத் தெரியாது, மெல்லிய கோடாகத்தான் தெரியும். தோள், தொடை, துணி மடிப்பு ஆகியவற்றின் ஓரங்களில் தேடுங்கள்.

அந்த அரைவட்டங்களை முழுதாகவே பார்க்கச் சொல்வேன். ரோமில் அவற்றை யாரும் சீந்துவதில்லை. சன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் இடம் அது, மனிதர்களும் புகழ் இல்லாதவர்கள்: களைத்த தாய், சோம்பி உட்கார்ந்த கிழவர், தலை வாரும் பெண். ஆனால் நிறம்! நிழலுக்குக் கறுப்பைச் சேர்க்காமல் வேறொரு நிறத்தையே வைக்கிறார். பச்சைத் துணியின் மடிப்பில் ஊதா, மஞ்சளின் மடிப்பில் சிவப்பு. மயில்கழுத்துப் பட்டை வெளிச்சத்தில் திருப்பினால் நிறம் மாறுமே, அந்த மாதிரி. இருட்டான விதானத்தில், 20 மீட்டர் கீழே நிற்பவர்களுக்கு மடிப்பு மடிப்பாகத் தெரிய வேண்டும் என்றால் இப்படித்தான் செய்தாக வேண்டும். கண் மட்டத்தில் கொஞ்சம் கூசும். அது பிரிண்டின் குற்றமல்ல, அவ்வளவு கிட்டத்தில் பார்க்க அவர் வரையவே இல்லை.

லிபிய சிபிலையும் விட்டுவிடாதீர்கள். பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உடம்பைத் திருப்பும் பெண். அந்த முதுகையும் தோளையும் கொஞ்ச நேரம் பார்த்தால் சந்தேகம் வரும். வர வேண்டியதுதான், அதற்கு நின்ற மாடல் ஓர் ஆண். சிவப்புச் சுண்ணக் கோலால் வரைந்த அந்தப் பயிற்சிப் படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிர்வாண இளைஞர்கள் சுமக்கும் கருவாலி இலைகளையும் காய்களையும் பாருங்கள். ஜூலியஸ் பிறந்த தெல்லா ரோவெரே குடும்பத்தின் சின்னம் கருவாலி மரம். சேப்பலைக் கட்டிய போப் நான்காம் சிக்ஸ்டஸும் அதே குடும்பம், ஜூலியஸுக்குச் சித்தப்பாவோ பெரியப்பாவோ முறை. உலகம் படைக்கப்படும் கதைக்கு நடுவே குடும்ப விளம்பரம் தாராளமாகவே நடக்கிறது.

பெருவெள்ளக் காட்சியில் ஒரு மூலையில் வானம் வெறுமையாக, உருவமின்றி இருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். 1797-ல் பக்கத்துச் சாந்தாஞ்சலோ கோட்டையில் வெடிமருந்து வெடித்த அதிர்ச்சியில் பூச்சு பெயர்ந்து விழுந்த இடம் அது. அதோடு ஓர் இளைஞரின் உருவமும் பெரும்பகுதி போய்விட்டது. இதே காட்சிதான் வரையும்போதே பூஞ்சை பிடித்து மைக்கேலாஞ்சலோவை அழவைத்தது. சாந்தில் நீர் அதிகம் என்று கட்டடக் கலைஞர் ஜூலியானோ தா சாங்கல்லோ காரணம் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு வேலை தொடர்ந்தது.

மல்லாந்து படுத்து வரைந்தார் என்ற கதையை ஆடியோ கைடில் கேட்டால் நம்ப வேண்டாம். நின்றுகொண்டுதான் வரைந்தார். அந்த அவஸ்தையைப் பற்றி அவரே ஒரு நண்பருக்குக் கிண்டலாகக் கவிதை எழுதி, தாளின் ஓரத்தில் கையை உயர்த்தி, தலையை அண்ணாந்து நின்று வரையும் ஒரு மனிதனையும் கிறுக்கியிருக்கிறார். வயிறு தாடையை முட்டுகிறது, தூரிகை முகத்தில் சொட்டுகிறது என்றெல்லாம் புலம்பல்.

நிறம் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் பளிச் நிறங்கள் 1980-க்கு முன் பல தலைமுறைகளாக யாரும் பார்த்தவை அல்ல. நானூறு வருட மெழுகுவர்த்திக் கரி, பழைய பழுதுபார்ப்பாளர்கள் பளபளப்புக்காகத் தடவிய மிருகப் பசை எல்லாம் சேர்ந்து விதானத்தைப் பழுப்பாக்கியிருந்தன. 1980-ல் தொடங்கி அரைவட்டங்களையும், பிறகு 1989 வரை விதானத்தையும், 1994-க்குள் பலிபீடச் சுவரில் அவரே பின்னாளில் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தையும் ஜான்லூயிஜி கோலாலூச்சி தலைமையிலான குழு சுத்தம் செய்தது. ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி பணம் கொடுத்தது, பதிலுக்குப் படமெடுக்கும் உரிமையைச் சில காலத்துக்கு வாங்கிக்கொண்டது. அந்தச் சுத்தத்தை எதிர்த்துப் பெரிய சண்டை நடந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் பெக் போன்றவர்கள், பூச்சு காய்ந்த பிறகு மைக்கேலாஞ்சலோ தன் கையால் சேர்த்த நிழல்களும் அழுக்கோடு போய்விட்டன என்றார்கள். சுத்தம் செய்தவர்கள், அப்படிச் சேர்த்தது மிகக் குறைவு, போனது பசையும் கரியும்தான் என்றார்கள். என் கருத்தைக் கேட்டால், பெரும்பகுதியில் கோலாலூச்சி சொன்னதுதான் சரி, அரைவட்டங்களின் நிறமே அதற்குச் சாட்சி. ஆனாலும் சில இடங்களில் உருவங்கள் சற்றுத் தட்டையாகத் தெரிகின்றன என்ற புகாரை என்னால் முழுக்கத் தள்ள முடியவில்லை. நீங்களும் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பில் ஊறிய நிறத்துக்குப் பளபளப்பு கிடையாது. அச்சிட்ட நிறம் விளக்கு வெளிச்சத்தில் கொஞ்சம் மின்னலாம். நிறத்தைப் பற்றிய தீர்ப்பைக் கண்காட்சியை வைத்து மட்டும் எழுத வேண்டாம்.

இறுதித் தீர்ப்பு விதானத்தில் இல்லை, பலிபீடச் சுவரில் இருக்கிறது. விதானம் 1512 அக்டோபர் கடைசியில் திறக்கப்பட்டது, இது 1541-ல். அறுபதைத் தொட்டுத் தாண்டிய வயதில், முற்றிலும் வேறு மனநிலையில் வரைந்தது. இங்கே பார்க்க வேண்டியது, தோலுரித்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் புனித பர்த்தலமேயு கையில் தொங்கும் உரித்த தோல். அதிலுள்ள சுருங்கிய முகம் மைக்கேலாஞ்சலோவுடையது என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். இடுப்புத் துணிகள் பல பிற்பாடு, நிர்வாணம் கூடாது என்று முடிவெடுத்த பிறகு வரைந்தவை. அந்த வேலையைத் தொடங்கிய தானியேலே தா வோல்தெர்ரா நல்ல ஓவியர், ஆனால் அவருக்கு "காற்சட்டைக்காரன்" என்ற பட்டம்தான் மிஞ்சியது.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். எல்லாப் படத்தையும் விளக்கப் போகாதீர்கள். வெள்ளக் காட்சியில் யார் யார் என்ன பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள், கால் மணி நேரம் ஓடிவிடும். சூரியன் படைக்கும் காட்சியில் கடவுளின் பின்பக்கம் தெரியும். அதை அவர்களே கண்டுபிடித்து உங்களிடம் சொல்வார்கள், கவலை வேண்டாம். நிர்வாணம் நிறைய இருக்கிறது, அது சங்கடம் என்று நினைத்தால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். வார நாளில், காலை முதல் நேரத்தில் போங்கள். படங்களைத் தூரத்திலிருந்து ஒரு முறையும் பார்க்க வேண்டும், கூட்டத்தில் அது முடியாது.

டிக்கெட் நிஜமாகவே கட்டுப்படியாகவில்லை என்றால், வாட்டிக்கன் அருங்காட்சியக இணையதளத்தில் சேப்பலின் சுற்றுக்காட்சி இலவசமாக இருக்கிறது. பெரிய திரையில் திறந்தால், கண்காட்சியில் இல்லாத அந்த வளைவும் வரிசையும் ஓரளவு புரியும். எனக்குக் கேட்டால் கண்காட்சிக்கு முந்தின இரவு அதைப் பார்ப்பதுதான் உத்தமம். கட்டடத்தோடு சேர்த்தே நகலெடுத்த இடங்களும் உண்டு. ஜப்பானின் நருதோவில் உள்ள ஒட்சுகா அருங்காட்சியகத்தில் பீங்கான் பலகைகளில் விதானத்தை முழு அளவில், வளைவோடு, ஒரு மண்டபமாகவே அமைத்திருக்கிறார்கள். 2016-ல் மெக்சிகோ சிட்டியில் முழு அளவுச் சேப்பலையே கூடாரம் போலக் கட்டிக் காட்டினார்கள். இங்கிலாந்தில் கோரிங்-பை-சீ என்ற கடலோர ஊரின் கத்தோலிக்கத் தேவாலயத்தில் கேரி பெவன்ஸ் என்பவர் அளவைக் குறைத்து விதானத்தைக் கையாலேயே வரைந்து 1993-ல் முடித்தார். உங்கள் பயணம் அந்தப் பக்கம் இருந்தால் இந்த மூன்றாவதைப் பார்க்க நான் முதலில் சொல்வேன், ஏனென்றால் அது உண்மையிலேயே ஒருவர் வரைந்தது.

ரோமா, இதுவா என்ற கேள்வியே தேவையில்லை. இதைப் பார்த்துவிட்டு ரோமுக்குப் போனால் அங்கே கிடைக்கும் இருபது நிமிடத்தை விரல் தேடுவதில் செலவழிக்க மாட்டீர்கள். நேராகப் பலிபீடத்தின் பக்கம் போய் யோனாவை அண்ணாந்து பாருங்கள், பிறகு வாசல் பக்கம் நடந்து உருவங்கள் சிறிதாவதைக் கவனியுங்கள். கழுத்து வலித்ததும் பக்கச் சுவர்களுக்கு இறங்குங்கள். போத்திச்செல்லி, பெருஜினோ, கிர்லாந்தாயோ எல்லோரும் 1481-82-ல் வரைந்தவை அங்கே கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. மேலே பார்த்துக்கொண்டே போகும் கூட்டத்தில் அவற்றின் முன்னால் உங்களுக்கு இடம் கிடைக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும், தோளும் முழங்காலும் மூடும் உடை வேண்டும், டிக்கெட்டை முன்பதிவு செய்துவிடுங்கள்.